கல்யாண மண்டபத்தில் சாவுப் பெயர்

கிள்ளானில் ஒரு சங்கத்துக்குச் சொந்தமாகப் பழைய மண்டபம் ஒன்று இருக்கிறது. சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். அஸ்பெஸ்டாஸ் கூரை, இரும்பு டிரஸ், மழை பிடித்துக்கொண்டால் மைக்கில் பேசுவதுகூடக் கேட்காது. கூரையை மாற்றி, பக்கவாட்டில் சாப்பாட்டுக் கூடத்தை நீட்டிக் கட்டலாம் என்று கமிட்டி முடிவெடுத்து, அப்பா மூலமாக என்னைப் பிடித்தார்கள். நான் சிவில் இன்ஜினியர். ஸ்கூடாயில் படித்துவிட்டு ஷா ஆலாமில் ஒரு கன்சல்டன்சியில் ஆறு வருடமாக வேலை. சங்கத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது சும்மா செய்கிற வேலை. கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு தட்டு மீகூனும் தே தாரிக்கும் கிடைக்கும்.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். மண்டபத்துக்கு இதுவரை பெயர் என்று ஒன்று கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் 'சங்க மண்டபம்' என்றுதான் போடுவார்கள். திருப்பிக் கட்டும்போது 'சயாம் நினைவு மண்டபம்' என்று வைக்கலாமே, சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத நம் தோட்டத்து ஆட்களின் நினைவாக, என்றேன். யாரும் கோபப்படவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "நல்ல யோசனைதான் தம்பி. ஆனா நாளைக்கு உங்க தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில, இடம் சயாம் நினைவு மண்டபம்னு போடுவீங்களா? தாலி கட்டுற இடத்துக்குச் சாவுப் பேரா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டம் அடுத்து பார்க்கிங் பிரச்சினைக்குப் போய்விட்டது.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சயாம் ரயில் பற்றி நம்மவர்கள் எழுதியதையும் கட்டியதையும் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். செத்தவர்களுக்கு நாம் செய்திருக்கும் நினைவிடங்கள் எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற இடங்களாக ஏன் இருக்கின்றன? தினசரி புழங்குகிற ஓர் இடத்துக்குள் அவர்களை ஏன் நம்மால் விட முடியவில்லை?

இப்படி விட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நியூசிலாந்து அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. ஓர் ஊர், போரில் இறந்த தன் பிள்ளைகளுக்கு நினைவிடம் கட்ட நினைத்தால், ஊர் சேர்க்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு ஒரு பவுண்டு போடும். ஆனால் அது தூணாகவோ சிலையாகவோ இருக்கக் கூடாது, சமூகக்கூடமாக இருக்க வேண்டும். முதல் போருக்குப் பிறகு ஊர்தோறும் தூண்கள் நட்டாயிற்று, இனிமேல் உயிரோடு இருப்பவர்களுக்கு உதவுகிற மாதிரி கட்டுவோம் என்ற எண்ணம். அப்படி நூற்றுக்கணக்கான மண்டபங்கள் எழுந்தன. இங்கிலாந்தின் கிராமங்களில் முதல் போருக்குப் பிறகே 'மெமோரியல் ஹால்' என்ற பெயரில் கூடங்கள் வரத் தொடங்கியிருந்தன. நாட்டியம், பேட்மிண்டன், தேர்தல் ஓட்டுச்சாவடி, கல்யாண விருந்து எல்லாம் அங்கேதான். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் அந்த ஊர்ப் பையன்களின் பெயர்கள்.

அப்போதே இதை எதிர்த்தவர்களும் உண்டு. பேட்மிண்டன் ஆடுகிறவன் பலகையைத் திரும்பிப் பார்ப்பானா, கொஞ்ச நாளில் மண்டபம்தான் மிஞ்சும், நினைவு போய்விடும் என்றார்கள். அது ஓரளவு நடக்கவும் செய்தது. ஆனாலும் கவனித்தால், அவர்களுடைய சண்டை மறதியைப் பற்றியது. தீட்டைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. கிள்ளான் பெரியவரின் பிரச்சினை வேறு. மறந்துவிடுவார்களே என்று அவர் கவலைப்படவில்லை. நினைவு வந்துவிடுமே என்றுதான் கவலைப்பட்டார்.

நம் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இந்த இதழின் வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். தாய்லாந்தின் பான் பொங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள், அவர்களில் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இதைப்போலப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேல், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத ஒப்பந்தம் என்று சொல்லித் தொடங்கினார்கள். ஆள் போதாமல் போனதும் லோரி வைத்துப் பிடித்தார்கள். தண்டவாளம்கூட இங்கிருந்துதான் போனது. கிழக்குக் கரைப் பாதையிலும் மலாக்கா பாதையிலும் பிடுங்கி எடுத்துப் போய் அங்கே போட்டார்கள்.

ஆள் பிடித்த விதத்தில் ஒன்று மட்டும் என் மண்டப யோசனையோடு வந்து மோதுகிறது. இலவசப் படம் காட்டுகிறோம் என்று அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலுக்குக் கொண்டுபோனதாகச் சாட்சியங்கள் இருக்கின்றன. கூட்டம் கூடுகிற இடம் என்றால் அந்தத் தலைமுறைக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

2019-இல் நண்பர்கள் இருவரோடு காஞ்சனாபுரி போனேன். ஆற்றுப்பாலம், செல்ஃபி, மாம்பழ ஐஸ்கிரீம். ரயில் நிலையத்துக்குக் கிட்டே போர்க் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர், நேச நாட்டுச் சிப்பாய்கள். வெட்டிவிட்ட புல்தரை, வரிசை பிசகாமல் கற்கள், ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது, குடும்பத்தார் சொல்லி எழுதிய ஒரு வரி. 23, 22, 25. என் வயசுப் பசங்க. கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தை விமர்சிக்க எனக்கு ஒன்றுமில்லை. அது செய்ய வேண்டியதைச் செய்கிறது. ஒரு கல்லுக்கு ஒரு ஆள், அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். நம்மவர்கள் அங்கே இல்லை, ஏனென்றால் அது சிப்பாய்களுக்கான இடம்.

பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. ஜப்பானியப் படையே 1944-இல் கட்டிய நினைவுத்தூண். வேலையில் செத்தவர்களின் ஆன்மா சாந்தியடைய. சுற்றிலும் பல மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள், அதில் ஒன்று தமிழ். முதலில் நான் கவனிக்கவில்லை, நண்பன்தான் கூப்பிட்டுக் காட்டினான். மரணப்பாதையில் மாண்ட தமிழனுக்குத் தமிழில் முதலில் கல் வைத்தவன், அவனைச் சாகடித்தவன். போர் இன்னும் முடியவில்லை, பிரிட்டிஷ்காரன் இன்னும் திரும்பி வரவில்லை, நம் தலைவர்களுக்கு வேறு வேலை இருந்தது, அதற்குள் அந்தக் கல் வந்துவிட்டது. அங்கே நின்று என்ன உணர்ந்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை. கோபம் வர வேண்டும். வந்தது என்னவோ கூச்சம், ஏதோ கடன்காரன் நம் வீட்டுப் பந்தலுக்குக் காசு கொடுத்த மாதிரி.

கல்லறைத் தோட்டத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வாட் தாவோர்ன் என்ற விகாரை. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்து மேலே கட்டிய ஸ்தூபி அங்கே இருக்கிறது. பெயர்கள் இல்லை. 1990-இல் அந்த ஊரிலேயே இன்னொரு குழியைத் தோண்டியபோதும் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன, அவற்றுக்கும் பெயர் இல்லை. 2023-இல் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அந்த விகாரை வளாகத்தில் ஒரு நடுகல் எழுந்தது. தமிழ்நாடு அரசும் 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. நான் படத்தில்தான் பார்த்தேன்.

நடுகல் என்று பெயர் வைத்ததை ரொம்ப நேரம் யோசித்தேன். நம் மரபில் நடுகல் வீரனுக்கு. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு, புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு. கையில் வில்லோ வாளோ இருக்கும், பெயர் இருக்கும், என்ன செய்து செத்தான் என்பது இருக்கும். காலராவில், வயிற்றுப்போக்கில், காலில் புண் அழுகி, குடிசையில் படுத்தவாக்கில் செத்த கூலிக்கு நடுகல் நட்டதாக நம் இலக்கியத்தில் நான் வாசித்ததில்லை. ஆகவே இது மரபைத் தொடர்ந்தது என்று மேடையில் சொல்வது பாதிதான் சரி. மரபை உடைத்ததும்தான் நடந்திருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதது ஒன்றுண்டு: இப்போதும் அவர்களை 'வீரர்கள்' என்று சொல்லியே கல்லுக்குத் தகுதியாக்க வேண்டியிருக்கிறது. பிடித்துக்கொண்டு போனார்கள், செத்தார்கள், அவ்வளவுதான், அதற்கே ஒரு கல் உண்டு என்று சொல்ல இன்னும் தயக்கம்.

இந்தத் தயக்கம் கோலாலம்பூரில் நன்றாகத் தெரியும். தேசிய நினைவுச்சின்னம் 1966-இல் திறந்தது. ஐவோ ஜிமா சிலையைச் செய்த ஃபெலிக்ஸ் டி வெல்டன் வடித்த வெண்கலச் சிலைகள், ஏழு பேர், எல்லாரும் சீருடையில். போராடிச் செத்தவர்களுக்கான இடம். குவாங்தோங் இடுகாட்டில், பர்மா சாலையில் லோரி ஓட்டப் போய் மாண்ட சிலாங்கூர்ச் சீன டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் 1947-இலேயே தூண் வைத்துவிட்டார்கள். போர் முடிந்து இரண்டே வருடம். அவர்கள் தாமாகப் போனவர்கள், அது ஒரு வசதி. பிரிக்பீல்ட்ஸில் இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு 2015-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயர் சூட்டப்பட்டது. அங்கே நடன வகுப்பு, இந்தி வகுப்பு, யோகா. சொல்லப்போனால் நான் கேட்கிற மாதிரி மண்டபம்தான் அது, பிள்ளைகள் தினமும் வந்துபோகிற இடம். ஆனால் பெயர் தலைவருக்கு. ரயில் பாதைக்குத் தப்பிக்கவே ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தோட்டத்துப் பையன்கள் இருந்தார்கள். சீருடை போட்டவன் வரலாற்றில் ஏறிக்கொண்டான். சங்கூல் பிடித்துப் போனவன் ஏறவில்லை. தப்பித்தவன்மேல் குறையில்லை, இதில் யாருடைய தியாகத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. தொங்குகிற பெயர்ப்பலகைகளை வாசிக்கிறேன், அவ்வளவுதான்.

சரி, நூல்களுக்கு வருவோம். கல் இல்லாத இடத்தில் எழுத்து வந்து நின்றது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் வந்தது. பாதை முடிந்து ஐம்பது வருடம் கழித்து. அ. ரெங்கசாமியின் நாவல் 2005-இல். அதன் தலைப்பே 'நினைவுச்சின்னம்'. இந்தத் தலைப்பை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். நாவலுக்கு இப்படிப் பெயர் வைப்பது ஒரு புகார். இந்த ஊரில் கல்லாலும் சிமெண்டாலும் ஆக வேண்டிய வேலை ஆகவில்லை, அதை நான் காகிதத்தில் செய்கிறேன் என்று சொல்வது. ஒரு பள்ளி ஆசிரியர் தனியாளாக எடுத்துக்கொண்ட வேலை அது.

அந்த வேலையை எடுத்துக்கொண்டதற்கான விலை இந்த எழுத்துகளில் தெரிகிறது என்பது என் வாசிப்பு. நாவலாசிரியன் விட்டுவிடலாம், தாண்டிப் போகலாம், ஒரு அறைக்குள் இரண்டு பேரை உட்கார வைத்து மற்றதையெல்லாம் இருட்டில் வைக்கலாம். நினைவுச்சின்னம் கட்டுகிறவனுக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. ஒன்று விட்டுப்போனால் அது எங்கும் இருக்காதே என்ற பதற்றம். ரயில் பயணம், காடு, மழை, காலரா, தப்பி ஓடியவன், திரும்பி வந்தவன், எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். ஆளைவிடச் சம்பவம் முன்னால் வந்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்கிறேனா என்றால் ஆமாம், குறைதான். ஆனால் அந்தக் குறையில் பாதி நம்முடையது. ஒரு சமூகம் பட்டியல் எழுதியிருந்தால், பலகை மாட்டியிருந்தால், நாவல் நாவலாக இருந்துவிட்டுப் போயிருக்கும்.

இன்னொரு பாதி, நாம் வாசிக்கிற விதம். இந்த நாவல்கள் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் தவறாமல் ஒரு சொல்லைச் சொல்வார்கள்: 'ஆவணம்'. ஆவணம் என்று சொல்லிவிட்டால் மொழியைப் பற்றிப் பேச வேண்டாம், பாத்திரத்தைப் பற்றிச் சண்டை போட வேண்டாம். மாலை போட்டாயிற்று, இறங்கலாம். கிராணியும் கங்காணியும் எந்த வீட்டுப் பெயரை எழுதிக் கொடுத்தார்கள், எந்த வீட்டை விட்டார்கள், அதில் சாதி எவ்வளவு, உறவு எவ்வளவு, லஞ்சம் எவ்வளவு என்ற கேள்விகளை அந்த நாவல்களை வைத்துக்கொண்டே கேட்கலாம். நாம் கேட்பதில்லை. கேட்டால் சிலருடைய தாத்தாக்கள் மாட்டுவார்கள். சீ. அருண் மாதிரி ஆய்வு செய்து நூல் எழுதியவர்கள் இருக்கிறார்கள், அந்த நூலுக்கும் இதே மாலைதான் விழுகிறது. கல்லறைத் தோட்டத்தில் நான் நடந்த மாதிரி, குரலைத் தாழ்த்திக்கொண்டு இந்தப் புத்தகங்களுக்குள் நடக்கிறோம். மண்டபத்தில் யாரும் அப்படி நடக்க மாட்டார்கள். அங்கே சண்டை வரும், பந்தி பரிமாறுகிறவனோடு வாக்குவாதம் வரும், குழந்தை அழும்.

கோலாலம்பூரில் தமிழ் நூல் வெளியீடு என்றால் பாதி விஸ்மா துன் சம்பந்தனில், டான் ஸ்ரீ சோமா அரங்கத்தில் நடக்கும். ஏர்கான் குளிர், வாசலில் தேநீர், கெசாரி, மேடையில் எட்டு நாற்காலி. எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தக் கட்டடம் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கியது. பால்மரம் வெட்டுகிறவர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். 1943-க்கும் 1960-க்கும் இடையே பதினேழே வருடம். அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவர்களில் சயாமிலிருந்து திரும்பியவன் இருந்திருப்பான், திரும்பாதவனின் மனைவி இருந்திருப்பாள். அவர்கள் காசில் எழுந்த கட்டடத்தில் உட்கார்ந்துதான் சயாம் பற்றிய பேச்சுகளைக் கேட்கிறோம். மேடையில் ஒருவர்கூட இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நியூசிலாந்துக்காரன் திட்டம் போட்டுக் கட்டியது நமக்குத் தெரியாமலே நம்மிடம் இருக்கிறது, பலகை மட்டும்தான் இல்லை.

பலகை என்றதும் என் தொழில்புத்தி கணக்குப் போட்டது. மலாயாவிலிருந்து போய் இறந்தவர்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும். குறைவான கணக்கை எடுத்துக்கொண்டு 30,000 என்று வைப்போம். ஒரு பெயருக்கு இரண்டரை சென்டிமீட்டர் உயரம். இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு பத்தி என்றால் 80 பெயர். 375 பத்தி வரும். பத்திக்கு 25 சென்டிமீட்டர் அகலம் விட்டால் கிட்டத்தட்ட 94 மீட்டர் சுவர் வேண்டும். கிள்ளான் மண்டபம் 30-க்கு 17 மீட்டர். நாலு சுவரும் சேர்ந்தால் சரியாக 94. கதவு, ஜன்னல் எதுவும் வைக்காமல். இதைக் கணக்கு போட்டு முடித்த இரவு கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் எழுத என்ன இருக்கிறது? தோட்டத்தில் பெயர் இருந்த ஒரே இடம் காலைப் பெரட்டில் கிராணி கூப்பிடுகிற செக்ரோல் புத்தகம். அங்கேயும் ராமசாமி, முனியம்மா, இன்னொரு ராமசாமி. சயாமில் எண்தான்.

என் வீட்டுக் கதையே இதற்குச் சாட்சி. பாட்டியின் மூத்த அண்ணன் பந்திங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போனவர். பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது, அவருக்குப் பதினேழோ பதினெட்டோ. கல்யாணம் ஆகவில்லை. அப்பனைப் பிடிக்க வந்தார்கள், அப்பனுக்குக் காய்ச்சல், இவர் லோரியில் ஏறிக்கொண்டார். பாட்டி 'அண்ணன் செத்துப்போச்சு' என்று ஒருநாளும் சொன்னதில்லை, 'சயாமுக்குப் போயிருச்சு' என்றுதான் சொல்லும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சயாம் என்பது தாய்லாந்து என்று தெரிந்து, அப்ப போய்ப் பாத்துட்டு வரலாமே பாட்டி என்று கேட்டிருக்கிறேன். பாட்டி 2016-இல் இறந்தது. கிள்ளான் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன், அவர் பேர் என்னப்பா? அப்பாவுக்குத் தெரியவில்லை. சின்னப் பாட்டிக்குப் போன் போட்டோம். "அண்ணனை யாருடா பேர் சொல்லிக் கூப்புடுவா? பெரியண்ணே, பெரியண்ணேதான்" என்றது. அவ்வளவுதான். 94 மீட்டர் சுவர் கிடைத்தாலும் அவரை எழுத எனக்கு வழியில்லை.

அப்புறம்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது, பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டியது அதுதான் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை உயிரோடு இருக்கிற யாருக்கும் போகாது. முந்தின வாரம் வீட்டில் படையல் போடுவோம். செத்துப்போன தாத்தா, பெரியப்பா, எல்லாருக்கும் இலை. ஒரு இலையில் மட்டும் புது வேட்டியும் துண்டும் இருக்கும், அது கல்யாணம் ஆகாமல் போன பெரியண்ணனுக்கு. பத்திரிகையை மஞ்சள் தடவி அந்த வேட்டிமேல்தான் வைப்பார்கள். "வந்து சாப்பிட்டுட்டு, புள்ளைய ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போண்ணே" என்று பாட்டி வாய்விட்டுக் கூப்பிடும். 2015-இல் அக்கா கல்யாணத்துக்கு அப்படிக் கூப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். நம்மில் பல வீடுகளில் கன்னி கும்பிடுவது, வீட்டுச்சாமி கும்பிடுவது என்று ஏதோ ஒரு பெயரில் இது நடக்கத்தான் செய்கிறது. செத்தவர்களைக் கூப்பிடாமல் நாம் தாலி கட்டுவதில்லை. வாசலில் பெயர் எழுதினால் மட்டும் அமங்கலம் என்கிறோம். வீட்டுக்குள்ளே கூப்பிடலாம், வெளியே சொல்லக்கூடாது. ஏன் என்று எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. நம் வீட்டுச் சாவு நமக்குச் சாமி, ஊர்ச் சாவு தீட்டு என்பதாக இருக்கலாம். பொதுச்சாவை என்ன செய்வது என்று நம் சடங்கில் இடம் போடவே இல்லையோ என்னவோ.

தஞ்சாவூர் விளாரில் 2013-இல் திறந்த நினைவிடத்துக்கு 'முற்றம்' என்று பெயர் வைத்தார்களே, முள்ளிவாய்க்கால் முற்றம், அந்தச் சொல் எனக்கு எப்போதும் பிடிக்கும். முற்றம் வீட்டுக்கு உள்ளேயும் இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது. நெல் காயப்போடலாம், பந்தி போடலாம், பிணத்தையும் கிடத்தலாம். திறந்த சில நாளிலேயே அதன் சுற்றுச்சுவரை அரசாங்கம் இடித்தது வேறு கதை, இங்கே அதற்குள் போகவில்லை.

நாலாவது கூட்டத்தில் படையல் கதையை அப்படியே சொன்னேன். பெயர் விஷயமாகவே மறுபடி பேசுகிறானே என்று ஓரிருவர் முகம் சுளித்தார்கள். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "மண்டபத்துக்கு அந்தப் பேர் வேணாம் தம்பி, புக்கிங் குறைஞ்சிரும், சங்கத்துக்கு அதுதான் வருமானம்" என்றார். அது உண்மைதான், கணக்குப் புத்தகத்தை நானும் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாட்டு ஹால்ல வேணா வைங்க. பந்தி நடக்குற எடம். அவங்கெல்லாம் பசியோட செத்தவங்க" என்றார்.

யாரும் எதிர்ப்பு சொல்லவில்லை. தீர்மானப் புத்தகத்தில் செயலாளர் 'சாப்பாட்டுக் கூடம், வடக்குச் சுவர், நினைவுப் பலகை' என்று எழுதிக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், என் வரைபடத்தில் வடக்குச் சுவரில்தான் கைகழுவும் தொட்டி வருகிறது, பன்னிரண்டு குழாய். பலகைக்கு அடியில் வாய் கொப்பளிக்க முடியாது. தொட்டியைக் கிழக்குப் பக்கம் மாற்றினால் கழிவுநீர்க் குழாயைச் சுற்றி எடுத்துப்போக வேண்டும், சரிவு போதாது, தரையை நாலு அங்குலம் உயர்த்த வேண்டியிருக்கும். அதற்கான கொட்டேஷன் இன்னும் வரவில்லை. பலகையில் என்ன எழுதுவது என்று அதுவரை யோசிக்க நேரம் இருக்கிறது. பெயர்கள் இல்லாததால் தோட்டங்களின் பெயரை எழுதலாம் என்கிறார் செயலாளர். எந்தெந்தத் தோட்டம் என்று தெரிந்தவர்கள் கிள்ளான், கோலலங்காட் பக்கம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.